தொலைநோக்கு இருப்பதால் தொழில் ஜெயிக்கிறதா, ஜெயித்த பிறகு வைக்கும் பெயர்தான் தொலைநோக்கா?

பதினோருபேர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்கள் மொத்தம் பதினோரு பேர். கிடங்குகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஏழு வருடமாக ஓடுகிறது. பெரிய லாபம் என்று எதுவும் இல்லை. ஆனால் சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை.

போன வாரம் என் பங்குதாரர் முப்பது ஸ்லைடு போட்டுக் காட்டினார். வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றிக் கொடுக்கும் வேலைகளை நிறுத்திவிட வேண்டுமாம். வருமானத்தில் முக்கால் பங்கு அதில்தான் வருகிறது. அதற்குப் பதிலாக, எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று கிடங்கே கணித்துத் தானாக ஆர்டர் போடும் ஒரு மென்பொருளை மூன்று வருடத்தில் கட்டுவது. நான் கேட்டது ஒரே கேள்வி: "அதுவரை சம்பளம்?" அவர் சொன்னது: "உனக்கு விஷன் கிடையாது. நீ நல்ல கணக்குப்பிள்ளை."

கோபத்தில் வந்த வார்த்தைதான், மறுநாளே சமாதானமாகிவிட்டோம். ஆனால் நாலு நாளாக அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. நிஜமாகவே ஒரு சிலருக்குத்தான் தூரத்தில் இருப்பது தெரியுமா? இல்லை, ஜெயித்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதையா இது? தொழில் நடத்துகிறவர்கள், நடத்திக் கைசுட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_ஃபிலிம்

இந்தத் தலைப்பு வந்தால் பத்தாவது பதிவுக்குள் யாராவது ஃபிலிம் கம்பெனி கோடாக்கை இழுப்பார்கள். நானே முந்திக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையை எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள்.

"கோடாக்குக்கு டிஜிட்டல் வருவது தெரியவில்லை, அதனால் மூழ்கியது" என்பார்கள். முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே அவர்கள் ஆள்தான். ஸ்டீவன் சாஸன், 1975. நூறுக்கு நூறு புள்ளிகளில் ஒரு படம். அதை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆகும். காப்புரிமையும் அவர்களிடமே இருந்தது. 1981ல் உள்ளுக்குள்ளேயே ஆராய்ந்து, ஃபிலிமுக்கு இன்னும் பத்து வருடமாவது ஆயுள் இருக்கிறது என்று கணித்தார்கள். கணிப்பு மோசமில்லை. அவர்கள் திவால் மனு போட்டது 2012 ஜனவரியில். எச்சரிக்கை மணி அடித்துக் கிட்டத்தட்ட முப்பது வருடம் கையில் இருந்தது.

நான் பல வருடம் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேபில் வேலை பார்த்தவன். அங்கே காசு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு ரோலில் 36 படம். கண்ணை மூடியது, கை ஆடியது, லென்ஸை விரல் மறைத்தது எல்லாம் போக நல்ல படம் எட்டோ பத்தோ தேறும். வாடிக்கையாளர் காசு கொடுத்தது 36க்கும். அந்த இருபத்தாறு வீணாப்போன படங்கள்தான் எங்கள் சம்பளம். டிஜிட்டல் வந்ததும் முதலில் செத்தது அதுதான். கெட்ட படத்தை அழித்துவிடலாம், யாரும் காசு தரமாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளக் கோடாக்கில் ஞானதிருஷ்டி எதுவும் தேவைப்பட்டிருக்காது. தெரிந்து என்ன செய்வது? அவ்வளவு லாபம் தரும் ஒன்றைத் தன் கையாலேயே அறுக்கும் மனசு யாருக்கு வரும்?

போட்டிக் கம்பெனி ஃபுஜிஃபிலிமுக்கு அந்த மனசு வந்தது. ஃபிலிமில் இருக்கும் கொலாஜென், நிறம் மங்காமல் காக்கும் வேதியியல், மெல்லிய பூச்சு போடும் கைப்பழக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எல்சிடி திரைக்கான படலம், தோல் பராமரிப்புப் பொருள்கள் என்று போனார்கள். சும்மா போகவில்லை, 2006ல் ஃபிலிம் பிரிவில் ஐயாயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்துவிட்டுத்தான் போனார்கள். தொலைநோக்கு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

---

சந்தேகப்பேர்வழி

பதினோருபேர் சார், உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் சரி என்பது என் கட்சி. ஹோண்டா கதையைப் பாருங்கள்.

1959ல் அமெரிக்காவில் கடை விரித்தார்கள். திட்டம், அங்கே எல்லோரும் ஓட்டுவதுபோன்ற பெரிய பைக்குகளை விற்பது. நீண்ட தூரம், அதிக வேகம் என்று அந்த ஊர்க்காரர்கள் ஓட்டிய ஓட்டில் எஞ்சின் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் தேய்ந்தது. மானம் போகும் நிலை. இதற்கிடையில் ஆபீஸ் ஆட்கள் சில்லறை வேலைக்குப் போய்வர 50 சிசி சூப்பர் கப் வண்டியை வைத்திருந்தார்கள். தெருவில் பார்த்தவர்கள் "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அதை விற்றார்கள். அறுபதுகளின் நடுவில் அங்கே விற்ற இரண்டு பைக்கில் கிட்டத்தட்ட ஒன்று ஹோண்டா.

இப்போது சிரிப்புக்கு வருவோம். 1975ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனைக் கம்பெனி பிரிட்டன் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதியது. அதைப் படித்தால் ஹோண்டா ஒவ்வொரு காயையும் யோசித்து நகர்த்தியதுபோல இருக்கும். அப்புறம் ஒருவர் நேரில் போய் அந்த ஹோண்டா அதிகாரிகளையே கேட்டார். "எங்களிடம் பெரிய உத்தி ஒன்றும் இல்லை, அங்கே ஏதாவது விற்க முடியுமா என்று பார்க்கத்தான் போனோம்" என்கிற மாதிரி பதில் வந்தது.

இன்னொன்று. 1993ல் கணினிக் கம்பெனி ஐபிஎம் சுமார் 800 கோடி டாலர் நஷ்டத்தில் கிடந்தபோது தலைமைக்கு வந்த லூ கெர்ஸ்ட்னர் பத்திரிகையாளர்களிடம் சொன்னது: இப்போது ஐபிஎம்முக்குக் கடைசியாகத் தேவைப்படுவது ஒரு விஷன். ஆள் கம்பெனியைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் போனார். உங்கள் பங்குதாரருக்கு இதை அனுப்புங்கள்.

---

ஒன்பதாம்_மேகம்

சந்தேகம் அண்ணா பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைக்கிறார். அமெரிக்காவில் அதை விற்றது தற்செயல், சரி. சூப்பர் கப்பைச் செய்தது தற்செயலா? 1958ல் அந்த வண்டி வரும்போதே ஒரு கையில் சாமானைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்ட முடியவேண்டும் என்று முடிவு செய்து, இடதுகைக்கு கிளட்ச் வேலையே இல்லாதபடி செய்தார்கள். பைக் என்றால் முரட்டு ஆண்களுக்கு என்று உலகமே நினைத்த காலம் அது. யாரும் ஓட்டலாம் என்ற அந்த எண்ணம் உள்ளே இருந்ததால்தான் தெருவில் போகிறவர் நின்று கேட்டார். 2017க்குள் பத்துக் கோடி வண்டி. குருட்டாம்போக்கில் இது நடக்குமா?

---

சந்தேகப்பேர்வழி

மேகம், ஒப்புக்கொள்கிறேன், ஒரு கை விஷயம் எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அது "ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட தொல்லை" என்ற அளவில் இருந்த யோசனை. பதினோருபேர் சாரின் பங்குதாரர் காட்டிய முப்பது ஸ்லைடில் அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருக்கமாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

---

சுவரொட்டி

நான் முன்பு இருந்த கம்பெனியில் வரவேற்பறைச் சுவர் முழுக்க விஷன் எழுதியிருக்கும். உலகின் முதல் ஐந்து நிறுவனங்களில் ஒன்றாவோமாம். கண்ணாடி எழுத்து, பின்னால் விளக்கு. அந்தச் சுவருக்கு நேர் பின்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் கீபோர்டில் ஸ்பேஸ் பட்டன் உடைந்து எட்டு மாதம். வார்த்தைகளை ஒட்டி ஒட்டி அடித்துவிட்டு, இடைவெளியை வேறொரு கோப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுவேன். கேட்டால் "பட்ஜெட் இல்லை." விளக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் எரியும்.

வேறு கருத்து இல்லை. சொல்லத் தோன்றியது.

---

துறைமுகக்கணக்கு

எனக்கு இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. ஒரே ஆள், ஒரே மூளை, ஒரு தடவை உலகத்தை மாற்றினார், இன்னொரு தடவை மொத்தமாகத் தோற்றார். அவரைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மால்கம் மெக்லீன். லாரிக்காரர். கப்பல் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் இல்லை, அது முக்கியம். அந்தக் காலத்தில் ஒரு கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவது என்றால் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வலையில் வைத்து, உள்ளே இறக்கி, இடுக்கில் சொருக வேண்டும். கப்பல் கடலில் ஓடுகிற நாள் அளவுக்குத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். கப்பல்காரர்களுக்கு அது இயற்கை, மழை பெய்வதுபோல. லாரிக்காரருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, ஏனென்றால் வரிசையில் காத்துக்கிடப்பது அவருடைய லாரி.

1956 ஏப்ரல் 26. ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் சரக்கு நிரப்பிய 58 பெட்டிகளை (கண்டெய்னர்களை) வைத்து நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்கு ஐந்து டாலரைத் தாண்டிக்கொண்டிருந்த ஏற்றுக்கூலி 16 சென்ட்டுக்குள் வந்தது. பெட்டி புதிதல்ல, அவருக்கு முன்பே பலர் பெட்டியில் சரக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் பார்த்தது வேறு. கப்பல் கம்பெனி விற்பது கப்பல் பயணத்தை அல்ல, சரக்கு போய்ச் சேர்வதை. அப்படிப் பார்த்தால் லாரி, கிரேன், கப்பல், துறைமுகம் எல்லாம் ஒரே அளவுக்குத் தைக்கவேண்டிய சட்டை. பெட்டி அளவுகளை உலகமெங்கும் ஒன்றாக்கத் தன் காப்புரிமைகளைக் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

இப்போது இரண்டாம் பாகம். எழுபதுகளின் பிற்பகுதியில் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற கப்பல் கம்பெனியை வாங்கினார். எண்ணெய் விலை எகிறிக்கிடந்த நேரம். எரிபொருளை மிச்சம்பிடிக்க மெதுவாக ஓடும் பிரம்மாண்டக் கப்பல்கள் பன்னிரண்டு கட்டினார். கண்டெய்னர் கப்பல்களில் அன்று உலகத்திலேயே பெரியவை. அவை ஒரே திசையில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது திட்டம். கப்பல்கள் வந்து சேர்வதற்கும் எண்ணெய் விலை சரிவதற்கும் சரியாக இருந்தது. வேகமான கப்பல் வைத்திருந்தவனுக்கு எரிபொருள் மலிவு, இவரிடம் மெதுவான கப்பல். 1986 நவம்பரில் திவால், நூறு கோடி டாலருக்கும் மேல் கடன். அந்தப் பன்னிரண்டையும் பிறகு வாங்கியது யார் தெரியுமா? அவரே ஆரம்பித்து முன்னால் விற்றுவிட்டு வந்த ஸீ-லேண்ட்!

இதில் கசப்பு என்னவென்றால் இரண்டாவது தடவையும் அவர் பார்த்தது தப்பில்லை. 2008க்குப் பிறகு கப்பல் கம்பெனிகள் எல்லாம் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சம்பிடிக்க ஆரம்பித்தன. கப்பல்களும் பெருத்துக்கொண்டே போயின. ஆனால் 1956ல் அவர் முதலில் கடலில் இறக்கிப் பார்த்தது 58 பெட்டி, ஒரு பழைய கப்பல். எண்பதுகளில் பந்தயம் வைத்தது எல்லாவற்றையும், அதுவும் எண்ணெய் விலை இறங்காது என்ற ஒரே நம்பிக்கையின் மேல். அகலக்கால் என்று நம் ஆட்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்களே, அதுதான்.

---

நெறியாளர்

குறிப்பிட்ட கம்பெனியின் பங்கை வாங்கச் சொன்ன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

---

ஒன்பதாம்_மேகம்

துறைமுகம் அண்ணா பதிவை இரண்டு தடவை படித்தேன். அதை வைத்தே பதினோருபேருக்கு ஒன்று சொல்லலாம்.

நெட்ஃபிளிக்ஸ் 1997ல் தொடங்கியது. பெயரிலேயே நெட் இருக்கிறது. அப்போதைய இணைய வேகத்தில் ஒரு படம் இறங்க எத்தனை நாள் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் அதற்காகக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. டிவிடியை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். அதற்குமுன் சோதனைக்காக ஒரு சிடியைத் தபாலில் போட்டு, உடையாமல் வருகிறதா என்று பார்த்தார்கள். இணையத்தில் படம் காட்ட ஆரம்பித்தது 2007ல். பத்து வருடம் சோறு போட்டது தபால் உறை. அதிலும் வெறும் சோறு இல்லை, யார் எதைக் கேட்டு வாங்குகிறார்கள், எதை ஒரு மாதம் திருப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் சேர்ந்தது.

அதே நெட்ஃபிளிக்ஸ் 2011ல் அவசரப்பட்டு டிவிடியைக் குவிக்ஸ்டர் என்ற தனிப் பெயரில் பிரிக்கப்போனது. அதற்குச் சற்று முன்புதான் கட்டணத்தையும் ஏற்றியிருந்தார்கள். ஒரே காலாண்டில் எட்டு லட்சம் வாடிக்கையாளர் போனார்கள். சில வாரத்திலேயே பிரிக்கும் யோசனையைக் கைவிட்டார்கள். போகும் திசை சரிதான். வாடிக்கையாளர் இன்னும் பழைய வீட்டில் குடியிருக்கும்போது கூரையைப் பிரிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் மாற்றிக்கொடுக்கும் வேலை உங்களுடைய தபால் உறை இல்லையா?

---

இரத்தப்பரிசோதனை

ஒரு எச்சரிக்கை மட்டும். பங்குதாரர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் "உனக்கு விஷன் இல்லை" என்ற வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்டவரைக் குறைசொல்லி வாயை அடைக்கிறது. தெரனோஸ் என்ற அமெரிக்க இரத்தப் பரிசோதனைக் கம்பெனியில் பல வருடம் இதுதான் நடந்தது. சில சொட்டு இரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் என்றார்கள். ஒரு கட்டத்தில் கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர். கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னபோது அவர்களைத்தான் ஓரம்கட்டினார்கள். அதைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸ் 2022 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பானது, முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக.

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் சூடாகச் சொல்கிறேன். விரல் நுனியில் எடுக்கும் இரத்தத்தில் திசுத் திரவம் கலக்கும், செல்கள் உடையும். அதனால் சில அளவீடுகள் மாறும். இது எங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும். தூரத்தைப் பார்த்தவர்கள் விரல் நுனியைப் பார்க்கவில்லை.

---

பழைய_ஃபிலிம்

அக்கா கடைசி வரி அருமை. நானும் ஒன்று சேர்க்கிறேன். பதினோருபேர் தம்பி, உங்கள் பங்குதாரரைக் கணக்குப் பார்க்கவும் உங்களைக் கனவு காணவும் சொல்லுங்கள், ஒரே ஒரு வாரத்துக்கு. அவர் சம்பளப் பட்டியல் போடட்டும். நீங்கள் அந்த முப்பது ஸ்லைடை எடுத்துக்கொண்டு ஒரு கிடங்குக்குப் போய் அங்கே இருப்பவரிடம் காட்டுங்கள்.

---

பதினோருபேர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஃபிலிம் அண்ணா சொன்னபடியே செய்தோம். வேலையை மாற்றிக்கொண்டது மூன்று நாள்தான், அதற்குள் இருவருக்கும் மூச்சு முட்டிவிட்டது.

கிடங்குக்குப் போனேன். எங்கள் பழைய வாடிக்கையாளர், நட்டு, போல்ட், பேரிங் சமாச்சாரம். அங்கே இருப்புக் கணக்குப் பார்ப்பவர் வயதானவர், இருபது வருடமாக அதே இடம். எங்கள் மென்பொருள் திரையில் திறந்தே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அலமாரிகளின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அட்டைப்பெட்டி அடுக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு உயரத்தில் கோடு. சப்ளை வர எத்தனை நாள், மாதத்துக்கு எவ்வளவு போகும், யார் சொன்ன தேதிக்குத் தருவார், யார் இழுத்தடிப்பார் எல்லாம் அந்த உயரத்துக்குள் இருக்கிறது. அவரிடம் ஸ்லைடு எதையும் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து ஏழு வருட வேலைப் பட்டியலைப் புரட்டினோம். "இந்த அளவுக்குக் கீழே போனால் சிவப்பில் காட்டு" என்று எத்தனை பேர், எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்கள்! ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாக பில் போட்டு, மறந்துவிட்டிருக்கிறோம். பங்குதாரர் மூன்று வருடம் கழித்து வரும் என்று சொன்னதன் முதல் படி ஏற்கெனவே விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கண்ணில் படவில்லை.

இப்போதைக்கு முடிவு: வேலைகளை நிறுத்தவில்லை. புதிதாக வருவதில், கோடு சம்பந்தமில்லாததை மட்டும் மறுக்கிறோம். நேற்று ஒன்றை மறுத்தோம். நல்ல தொகை. கை நடுங்கியது. இரண்டு பேர் முழுநேரமும் கோட்டு வேலையில் இருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கான அவர்கள் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். அதற்குள் ஐந்து கிடங்காவது காசு கொடுத்து வாங்காவிட்டால் அவர்கள் பழைய வேலைக்குத் திரும்புவார்கள். இதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

---

சந்தேகப்பேர்வழி

பந்தயத்தில் நான் தோற்றேனா ஜெயித்தேனா? ஸ்லைடில் அந்த ஆள் இருந்தாரா?

---

முப்பது_ஸ்லைடு

நான்தான் அந்தப் பங்குதாரர். இந்த இழையின் சுட்டியை அவரே அனுப்பிவிட்டார், முழுசும் படித்தேன். ஸ்லைடில் அந்த ஆள் இல்லை. ஐபிஎம் மேற்கோளை எனக்கு அனுப்பச் சொன்ன அண்ணாவுக்குத் தனியாக நன்றி. அது வந்தது. இரண்டு தடவை வந்தது.

கணக்குப்பிள்ளை என்று சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன். ஆனால் தானாக ஆர்டர் போடும் என்பதை நான் விடவில்லை, அதை அவர் இங்கே எழுதாமல் நைசாகத் தாண்டிப்போயிருக்கிறார். அந்தப் பெரியவர் ஓய்வு பெறும்போது கோடுகளும் அவரோடு போய்விடும். அப்போது அந்த அலமாரியைப் பார்த்து யார் ஆர்டர் போடுவார்?

நானும் நேற்று அங்கே போனேன். ஒரு பேரிங் அலமாரியில் மூன்று கோடு இருந்தது, இரண்டை அழித்து மூன்றாவதை மேலே போட்டிருக்கிறார். ஏன் மாற்றினார் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் லாரி வந்துவிட்டது, அவர் இறக்கப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன்.